சாவி அண்ணன் தன் வீட்டை விற்கப் பார்த்தது

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் இடுப்பில் எந்நேரமும் ஒரு கொத்துச் சாவி தொங்கியதால் எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன்தான். அந்த மூன்று மாடிக் குடியிருப்பின் அத்தனை வீடுகளையும் விற்றுக் கொடுத்தவர் அவர். வீட்டுத் தரகர்களில் வாயால் விற்கிறவர்கள் உண்டு, விலையைக் குறைத்து விற்கிறவர்கள் உண்டு. சாவி அண்ணன் தன் குடித்தனத்தைக் காட்டியே விற்றார்.

"நல்லா இல்லாத இடத்துல நான் குடியிருப்பேனா?" என்று கேட்பார். வந்தவர்களை மூன்றாவது மாடியில் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிப்போய் ஜன்னலைத் திறந்துவிடுவார். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "காத்து பிச்சுக்கிட்டு வரும்ங்க, ஃபேன் போடறதே இல்ல" என்பாள். அதற்குமேல் யாரும் அதிகம் பேரம் பேசியதில்லை.

கதையில் வரும் குரங்கு ஆப்பை அசைத்துதான் மாட்டிக்கொண்டது. இவர் வாயை அசைத்து மாட்டிக்கொண்டார்.

மனைவிக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. கட்டிடத்துக்கு லிஃப்ட் வரும் என்று கட்டியவர் சொன்னார், அதையே வீடு வாங்கியவர்களிடமெல்லாம் இவரும் சொன்னார். கட்டியவர் எங்கோ அடுத்த கட்டிடம் கட்டப் போய்விட்டார். லிஃப்டுக்கு விட்ட பள்ளத்தில் இப்போது உடைந்த சைக்கிள்களும் ஒரு பழைய மெத்தையும் கிடக்கின்றன. ஒருமுறை அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. அவள் விழவில்லை, ஆனால் கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அலறினாள். எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன. அந்த அவமானத்துக்குப் பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை. தங்கைக்குப் பேரன் பிறந்ததையும் போனில்தான் பார்த்தாள்.

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் வீடு பாத்துக் குடுக்கறீங்க. எனக்குத் தரையோட ஒரு வீடு பாத்துக் குடுக்கக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவர் சட்டையை மடித்துக்கொண்டே அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

இதை விற்காமல் இன்னொன்று வாங்க வழியில்லை. விற்கிற சேதி வெளியே வந்தாலோ, "சாவி அண்ணனே ஓடறாராம், கட்டிடத்துல என்னமோ இருக்கு" என்றுதான் பேசுவார்கள். வீடுகளின் விலை படுத்துவிடும். அதோடு அவர் பிழைப்பும் படுத்துவிடும். குடியிருந்தால் மனைவிக்குச் சிறை, கிளம்பினால் பதினோரு குடும்பத்தின் சாபம். இருதலைக் கொள்ளி எறும்பாகக் கொஞ்ச காலம் இங்குமங்கும் ஓடிவிட்டு, கடைசியில் பாலத்துக்கு அந்தப் பக்கம் தொழில் செய்யும் இன்னொரு தரகரிடம் போனார். வழுக்கையை மறைக்கத் தொப்பி போட்டுப் போட்டு அவர் பெயரே தொப்பி ஆகிவிட்டது.

"காதும் காதும் வச்ச மாதிரி முடிக்கணும். போர்டு கூடாது, விளம்பரம் கூடாது. யாராவது கேட்டா, கூட வர்றவங்க என் மனைவிக்குச் சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க" என்றார் சாவி அண்ணன்.

"எனக்கே தொழில் சொல்லித் தர்றீங்களா அண்ணே?" என்றார் தொப்பி.

தொப்பி கெட்டிக்காரர்தான். நல்ல ஜோடி ஒன்றைப் பிடித்துக் கூட்டிவந்தார். சாவி அண்ணன் வேண்டுமென்றே வெளியே போயிருந்தார். மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து காபி கொடுத்தாள், காற்றைப் பற்றிச் சொன்னாள். ஜோடிக்கு வீடு பிடித்துவிட்டது. படியிறங்கி வாசலுக்கு வந்ததும் தொப்பி, எந்தத் தரகரும் தூக்கத்தில்கூடச் சொல்லும் அந்த வார்த்தையைச் சொன்னார். "என் பேச்சை நம்பாதீங்க. கீழ்வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க." கீழ்வீட்டுக்காரர் எப்போதும் நல்லதாகத்தான் சொல்வார். தன் வீட்டு விலையைத் தானே குறைத்துக்கொள்ள யாருக்குப் பைத்தியம்? சாவி அண்ணனே ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை அது. தொப்பியிடம் அதைச் சொல்லாதே என்று சொல்லத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

கீழ்வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கதவைத் திறந்து, "மூணாவது மாடியா? அது சாவி அண்ணன் வீடாச்சே" என்றார்.

சாயங்காலம் சாவி அண்ணன் வீடு திரும்பியபோது அவர் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடந்தன. உள்ளே சோபாவில் இரண்டாம் மாடி டீச்சரம்மா, ஜன்னலோரம் புதிதாகக் கடன் வாங்கிக் குடிவந்த பேங்க் தம்பி, சுவரில் சாய்ந்தபடி கண்ணாடிக் கடைக்காரர். இன்னும் நாலைந்து பேர் சமையலறை வரை நின்றார்கள்.

"உங்களை நம்பித்தானே வாங்கினோம்? நீங்க போனா நாங்க யாரைக் கேக்கறது?" என்று ஆரம்பித்தார் டீச்சரம்மா.

"கட்டிடத்துல ஏதாவது பிரச்சினையா அண்ணே? இருந்தா சொல்லிடுங்க. நான் இன்னும் முதல் தவணைகூடக் கட்டல" என்றான் பேங்க் தம்பி.

சாவி அண்ணன் உண்மையையே சொன்னார். "கட்டிடத்துக்கு ஒண்ணும் இல்லப்பா. இவளால படி இறங்க முடியல. அதான்."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. எல்லோர் முகத்திலும் நிம்மதி, உடனே அந்த நிம்மதிக்கான வெட்கம், அதை மறைக்க ஏகப்பட்ட அன்பு. அண்ணிக்காகவா, முன்னாடியே சொல்லக்கூடாதா, நாங்க என்ன வெளியாளா என்று ஆளுக்கொரு பக்கம் உருகினார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இதுக்கு எதுக்கு அண்ணே வீட்டை வெளியாளுக்கு விக்கணும்? என் வீடு கீழ, தரையோடதானே இருக்கு. ரெண்டும் ஒரே அளவு. நீங்க கீழ வாங்க, நான் மேல வர்றேன். எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு."

"மனுஷன்னா இவர் மனுஷன்" என்றார் டீச்சரம்மா. பேங்க் தம்பி கைதட்டியே விட்டான்.

சாவி அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். கீழ்வீட்டுப் பின்னறைச் சுவருக்குள் கழிவுக் குழாய் ஓடுகிறது. மழை பெய்தால் சுவர் முழுக்க ஈரம், ஈரம் காய்ந்தால் பூசணம். அதை நல்ல வெயில் காலமாகப் பார்த்து, இரண்டு கை பெயிண்ட் அடித்து, அந்தச் சுவரை மறைத்து ஒரு பெரிய அலமாரியைப் போட்டு, "இதையும் இலவசமா எடுத்துக்குங்க" என்று இந்தக் கண்ணாடிக் கடைக்காரரின் தலையில் கட்டியவர் சாட்சாத் சாவி அண்ணனேதான்.

அவர் மெல்ல நிமிர்ந்து கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார். அவரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை மழைக்காலமாகக் காத்திருந்தாரோ.

"அந்த அலமாரியையும் விட்டுட்டே வர்றேன் அண்ணே. அந்தச் சுவருக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. நகத்தவே வேண்டாம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், மிகவும் மரியாதையாக.

திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் எங்கே போய்க் கத்துவான்? ஈரச் சுவர் என்று இங்கே வாயைத் திறந்தால், அதை விற்றவன் யார் என்பதும் கூடவே வரும். ராத்திரிக்குள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு அலமாரிகளை நகர்த்திப் பார்ப்பார்கள். பேங்க் தம்பியின் வீட்டில் நகர்த்திப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

"யோசிச்சு..." என்று இழுத்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சரின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி, சமையலறை வாசலிலிருந்து.

சரி என்றார்.

எல்லோரும் போனபின் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவளிடம் ஒரு வீட்டைப் பற்றியும் குறை சொன்னதில்லை. இப்போது குழாய், ஈரம், பெயிண்ட், அலமாரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"தெரியும். அன்னைக்கு உங்க சட்டையில இருந்த பெயிண்டைத் தேச்சுத் துவைச்சது யாரு?" என்றாள் அவள்.

"தெரிஞ்சுமா சரின்னு சொல்லச் சொன்னே?"

"பின்ன? மழை பெஞ்சா சுவர் நனையும். நனையட்டும். துணியை வேற ரூம்ல வச்சுக்கறேன்."

"உனக்குப் புரியல. இந்த வீட்டையாவது வித்திருக்கலாம். அந்த வீட்டை எவன் தலையிலயும் கட்ட முடியாது. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அங்கேருந்து நகர முடியாது." சொல்லும்போதே அவருக்கு அழுகை முட்டியது. மனைவியை ஏமாற்றிவிட்டதற்காக அழுகிறோமா, தானே ஏமாந்ததற்காக அழுகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் அவர் முதுகில் கை வைத்தாள்.

"உங்களாலதானே நகர முடியாது. நான் தினமும் கடைக்குப் போயிட்டு வருவேன்" என்றாள். பிறகு, "என் செருப்பு எங்க கிடக்குன்னு பாருங்க" என்றாள்.

அவர் எழுந்து போய்த் தேடினார். அது ஷூ ஸ்டாண்டின் அடித்தட்டில், பழைய பேப்பர்களுக்குப் பின்னால் கிடந்தது. தோல் காய்ந்து விறைத்திருந்தது. தரையிலேயே உட்கார்ந்து, அவள் காலுக்குப் படிகிற அளவுக்கு அதை வளைத்து வளைத்துவிட ஆரம்பித்தார்.