தனியாக விரித்த கட்டில்

என் இடது கை என் சொல் கேட்பதில்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். முப்பது வயதாகிவிட்டது, இனி அது திருந்தாது என்று நான் விட்டுவிட்டேன். மின்ஹா மிஸ் மட்டும் விடவில்லை. எங்களைப் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை பழக்கி, வேலைத்தலத்திலும் கூடவே நின்று பார்த்துக்கொள்கிற பயிற்றுநர் அவர். உப்புவெளியில் இராஜநாயகம் ஐயாவின் விடுதியில் அறை துப்புரவு செய்ய என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். தினமும் கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் நிற்பார்.

நிற்பதோடு விட்டால் பரவாயில்லை. நான் மெத்தை விரிப்பின் ஒரு மூலையைச் செருகும்போது மறுமூலையை அவர் இழுத்துச் செருகிவிடுவார். கேட்டால், "நான் தொடவே இல்லயே," என்று பொய் வேறு. நல்ல மனம்தான். அந்த நல்ல மனத்தின் மேல்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பயிற்சியின் கடைசி நாள் ஐயா வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இது ரெண்டு பேர் விரிச்ச கட்டில், மிஸ். நாளைக்கு நீங்கள் இல்லாட்டி இந்தப் பிள்ளையால ஏலுமோ? ஏலாட்டி நான் வேற ஆள்தான் பாக்கவேணும்."

மிஸ் எனக்காகப் பேச வாய் திறந்தார். நான் விடவில்லை.

"மிஸ், வெளியில போங்கோ. ஐயா, நீங்களும்தான்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். விரித்த விரிப்பை உருவி எறிந்தேன். இந்த வேலை போனால் சாம்பல்தீவில் அண்ணன் வீட்டு மூலைதான். வருகிறவர் போகிறவர் எல்லாம் 'பாவம்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல் வேண்டாம், சம்பளம் வேண்டும்.

முதல்முறை கோணலாகிவிட்டது. மிஸ் காட்டித்தந்தது இரண்டு கைக்காரரின் முறை. திரும்பவும் உருவினேன். முழங்காலால் மெத்தையை உயர்த்தி, வலது கையால் ஒரு மூலையைச் செருகினேன். அது கழன்றுவராமல் இருக்க, விருந்தாளி படுக்கிற மெத்தையில் குப்புற விழுந்து, காலால் அழுத்திக்கொண்டு மறுமூலையை எட்டி இழுத்தேன். ஐயா பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்திருப்பார்.

"ஜெயரூபி, ஏலுதா? நான் வரட்டா?" மிஸ் கதவைத் தட்டினார்.

"வராதீங்கோ!"

நான்கு மூலையும் செருகி, சுருக்கங்களை நீவிவிட்டு, வியர்வையோடு கதவைத் திறந்தேன். ஐயா விரிப்பை ஒரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"நேரம் கூடிப்போச்சு, பிள்ளை."

"ஓம் ஐயா. பழகப் பழகக் குறையும். ஆனா முழுக்க நான் விரிச்சது."

அவர் சாவிக்கொத்தை எடுத்தார். பக்கத்து அறைத் திறப்பைக் கழற்றி நீட்டினார்.

"அப்ப இதையும் முடியுங்கோ. நாளைக்கும் வாங்கோ."

நான் நடந்தேன். மிஸ்ஸும் பழக்கதோஷத்தில் பின்னாலேயே வந்தார்.

"மிஸ், நீங்க வீட்ட போங்கோ."

அவர் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"போறன். இந்தச் சொல்லைக் கேக்கத்தானே இவ்வளவு நாளும் வந்தனான்."

எனக்கும் அழுகை முட்டியது. அழ நேரமில்லை. அடுத்த அறையைத் திறந்து உள்ளே போனேன்.