தண்ணீர்ச் சோதனை

எட்டு மாதம் பாடுபட்டதில் இளமதிக்குத் தேறியது நகத்தளவு ஆரஞ்சுப் படிகம் ஒன்றுதான். காகிதக் கட்டுப்போல அடுக்கடுக்கான, பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகை. புற ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். அந்த ஒளியை அளக்க மறுநாள் பெங்களூர் ஆய்வகக் கருவியில் நேரம் கிடைத்திருந்தது. அளந்தால் முனைவர் பட்டம். இல்லாவிட்டால் உதவித்தொகை இந்த மாதத்தோடு நின்றுவிடும்.

அன்றைக்குப் பார்த்துக் கல்லூரித் தாளாளர் சிறப்பு விருந்தினரோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தார். தாளாளர் விருத்தாசலத்தில் இரண்டு பீங்கான் சூளை வைத்திருப்பவர். தோளில் மூன்று சால்வை. விளக்கடியில் ஒளிர்ந்த படிகத்தைப் பீங்கான் என்றே நினைத்து விருந்தினரிடம் காட்டினார்.

"நம்ம ஊரு சரக்குங்க! தண்ணி ஊத்திக் காட்டுறேன், அசையாது பாருங்க."

"ஐயோ சார், இது சூளையில சுட்டது இல்லீங்க. தண்ணி பட்டா போச்சுங்க!"

"சும்மா இரும்மா. முப்பது வருஷமா ஜாடிய இப்படித்தான் சோதிக்கிறேன்."

குவளை சாய்ந்தது. ஆரஞ்சு வெளுத்து மஞ்சளானது, பச்சை ஒளி அணைந்தது.

"அடடே, கலரெல்லாம் மாறுதே!" என்று விருந்தினர் கைதட்டினார். கூடவே எல்லோரும் தட்டினார்கள்.

"நாளைக்கு இன்னொண்ணு சுட்டுக்கம்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுத் தாளாளர் சாப்பிடப் போனார்.

இளமதி பெங்களூருக்குப் போன் போட்டாள். அடுத்த நேரம் ஏழு மாதம் கழித்துத்தானாம்.

"சரிங்க" என்று வைத்தாள்.