பத்துக்கு எட்டு

ஸ்நேஹா மேடம் ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் என் பிள்ளைக்கு இன்று இரண்டு கண்ணும் இருந்திருக்கும். இதைச் சொன்னால் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் மகன் விக்கிக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. செல்போன் வேண்டுமென்றால் தலையைச் சுவரில் மோதுவான், கொடுத்தால் நிறுத்துவான். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் அடையாறில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான ஒரு சென்டருக்குச் சனிக்கிழமைதோறும் கூட்டிப் போனேன். பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் அவனை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும். சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இருந்தவரை எல்லாம் பக்கம். பிறகுதான் குடிசைகளை இடித்துவிட்டு எங்களை அள்ளிக்கொண்டு போய்ப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் போட்டார்களே.

அந்த சென்டரில் விக்கியைப் பார்த்துக்கொண்டவர் ஸ்நேஹா மேடம். மயிலாப்பூர்ப் பெண், என்னைவிடச் சின்னவர். குரல் உயரவே உயராது. தலையை மோதினால் போன் கிடையாது, போன் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டினால் உடனே போன், இதுதான் திட்டம். "நடுவுல கொஞ்ச நாள் அடிச்சுக்கறது அதிகமாகும். காயம் படற மாதிரி இருந்தா உடனே நிறுத்திட்டு எனக்குச் சொல்லணும்" என்றார். அதைச் சொல்லவில்லை என்று நான் பழி போட மாட்டேன்.

ஆனால் 'இதைச் செய்' என்று அதட்ட மாட்டார். அவர்கள் தொழிலில் அது கூடாதாம். பெற்றவள் வாயிலிருந்தே அது வர வேண்டுமாம். அதனால் கேள்வி, கேள்வி, கேள்விதான்.

"இந்த மாற்றம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம், செண்பகம்மா? பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

படித்த பெண் நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார். குறைத்துச் சொன்னால் மரியாதையாக இருக்குமா? "எட்டு மேடம்" என்றேன்.

"ஏன் அஞ்சு இல்லாம எட்டு?"

அட கடவுளே! மீன் மார்க்கெட்டில்கூட ஏன் குறைத்துக் கேட்கவில்லை என்று என்னை யாரும் கேட்டதில்லை. காரணம் தேடினேன். "நாளிக்கி இவன் பெரிய ஆளாய்டுவான் மேடம். அப்போ முட்டிக்கினா என்னால புடிக்க முடியாது. நான் செத்துட்டா இவனுக்கு யார் கீறா?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"உங்களுக்கு அப்புறமும் அவன் பத்திரமா இருக்கணும்னு நினைக்கிறீங்க" என்று என் பேச்சையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அவர் வாயால் கேட்டபோது அது பெரிய முடிவாகத் தெரிந்தது. யாரோ சொல்லிச் செய்தால் பாதியில் விட்டுவிடலாம். நானே சொன்னதை எப்படி விடுவது?

வீட்டில் ஆரம்பித்தேன். விக்கி மோதினான். சுவரோரம் தலையணைகளை அடுக்கி வைத்தேன். சுவர் வலிக்கவில்லை என்றதும் முஷ்டியை மடக்கி வலது கண்ணில் குத்திக்கொண்டான். நான் கையைப் பிடித்தால் என்னைக் கடித்துவிட்டு மறுபடியும் குத்துவான். பக்கத்து வீட்டு ஷாகிரா கதவைத் தட்டி, "புள்ளைய கொல்றியாக்கா?" என்று கத்தினாள். என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவர், "இன்னா பொம்பள நீ? அந்தப் போன குட்த்துத் தொலையேன்!" என்றார்.

"நான் மேடத்தாண்ட செய்றேன்னு சொல்லிகீறேன்யா" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தால் மேடம் முகமெல்லாம் ஆசையாக, "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்பார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "நல்லா கீது மேடம். அட்டைய எட்த்துக் குடுக்கறான்." முழுப் பொய்யும் இல்லை, ஒன்றிரண்டு தடவை கொடுத்தான். கண் ஓரம் நீலமாக இருப்பதைப் பார்த்து, "இது என்ன? கண்ணுல அடிச்சுக்கறானா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், கதவுல இட்ச்சிக்கினான்."

"விடாம முயற்சி பண்றீங்க. இது எல்லாம் உங்களாலதான் நடக்குது" என்றார். விக்கி பிறந்த நாளிலிருந்து எனக்கு ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. என் மாமியார் என் ராசி என்றாள், புருஷன் என் வளர்ப்பு என்றார். அந்த ஒரு நல்ல வார்த்தைக்காக அடுத்த சனிக்கிழமையும் பொய் சொன்னேன்.

எங்கள் ஆட்களிடம் உண்மை வேண்டுமென்றால் சண்டை போட வேண்டும். 'ஏம்மா, பொய்யா சொல்ற?' என்று அவர் ஒரு அதட்டல் போட்டிருந்தால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, 'எங்கூட்ல வந்து பாரு, தெரியும்' என்று நானும் கத்தியிருப்பேன். எல்லாம் வெளியே வந்திருக்கும். பாவி, கடைசிவரை அன்பாகவே பேசினார்.

ஒரு நாள் விக்கி தட்டில் வலப்பக்கம் இருந்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனான். கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டான். கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண்ணுக்குள்ளே திரை கிழிந்து ரொம்ப நாளாகிவிட்டது, இனி அந்தக் கண்ணில் பார்வை திரும்பாது என்றார் டாக்டர். அவரும் மெதுவாகத்தான் சொன்னார்.

தகவல் தெரிந்து ஸ்நேஹா மேடம் அங்கேயே வந்துவிட்டார். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு எவ்வளவு வேதனையா இருக்கும்னு..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்து!" என்று கத்தினேன். "தெனிக்கும் கண்ணுல குத்திக்கினான்! ரத்தம் கட்டிக்கினு இருந்துச்சு! உன் மூஞ்சி வாடிப்பூடும்னு நான் சொல்லல. எட்டுன்னு சொல்லிட்டேனே, எப்டி சொல்லுவேன்?"

அவர் முகம் வெளுத்தது. பிறகு எழுந்து நின்றார். "ஏன் சொல்லல? கண்ணுல அடிச்சுக்கறானான்னு நான் கேட்டேனே! உன் வாயில என்ன இருந்தது? பெத்தவதானே நீ? அறிவு வேண்டாம்?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் இத்தனை நாளும் காத்திருந்த திட்டு அதுதான். இப்போது வந்து என்ன பிரயோஜனம்?

எங்கள் சத்தத்தில், பெஞ்சில் என் மறுபக்கம் இருந்த விக்கி மிரண்டுவிட்டான். முஷ்டி மடங்கியது. இந்த முறை இடது கண். ஒரு கையைத்தான் என்னால் பிடிக்க முடிந்தது. மற்றொரு கையால் ஓங்கிக் குத்தினான், மறுபடியும் ஓங்கினான். மேடம் கைப்பையைக் கொட்டித் தன் போனை எடுத்து அவன் கையில் திணித்தார்.

கை அப்படியே நின்றது. விக்கி போனை இடது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தலையைச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தான்.

மேடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் குத்தினால் போன் கிடைக்கும், மேடமே கொடுப்பார். அதை அவன் கற்றுக்கொண்டுவிட்டான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இனிமே இன்னா பண்ணணும் மேடம்? என்னைக் கேக்காத. நீயே சொல்லு" என்றேன்.

"தெரியலம்மா" என்றார்.

அந்தப் போனில் சார்ஜ் இருக்கிறவரை அவன் கை சும்மா இருக்கும். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.