அடி வெட்டிய காளான்

சலேஹாவின் வெள்ளிக் காப்பு மறுபடியும் சட்டிக்குள் கிடந்தது. குளிக்கப் போகும்போது கழற்றி மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் அது காளான் ஆணத்தில் குழம்போடு குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் இந்த வீட்டில் இதே கூத்துதான். போன வருஷம் காப்பு கறுத்துப்போய் வெளியே வந்தது என்பதற்காக ஒரு கூடைக் காளானைக் கொல்லையில் கொட்டினார் அவள் புருஷன் ஜபருல்லா. பூண்டு அதிகமானாலும் வெள்ளி கறுக்கும், அவித்த முட்டை பட்டாலும் கறுக்கும் என்று அவளும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறினால்தானே. அன்றைக்குக் கறுத்த காப்பைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தது அவள் கைதான்.

"பாத்தியா, பளபளன்னு இருக்கு." ஜபருல்லா அகப்பையால் காப்பைத் தூக்கிக் காட்டினார். "விஷம்னா இந்நேரம் கரியாட்டம் ஆயிருக்கும்லா."

"அது காப்பு மச்சான். வைத்தியரு இல்ல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பினாங்குத் தஞ்சோங்கில் சோற்றுக்கடைப் பண்டாரி, தலைமைச் சமையல்காரர். அவர் கை பட்ட இறைச்சி ஆணத்துக்குத் துறைமுகத்து ஆட்களெல்லாம் வரிசையில் நிற்பார்கள், அதை அவள் மறுக்கவில்லை. அதற்காக உலகத்தில் வேகிற பொருள் எல்லாவற்றையும் பற்றி இவருக்குத் தெரியும் என்று ஆகிவிடுமா? முந்தின நாள் இடி இடித்து மழை கொட்டியதும் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடியத் தொழுதுவிட்டு ஆயர் ஈத்தாம் மலைக்காட்டுக்குள் ஏறியவர், கூடை நிறையக் காளானோடு வந்து இறங்கினார். இறங்கியவர் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடை முதலாளி சீனி முகம்மதுவைச் சாப்பிட வரச் சொல்லியாகிவிட்டதாம். காளான் ஆணத்தைப் பற்றிக் கடையில் அவர் அடித்த பெருமை அப்படி.

சமைத்ததுபோக மிச்சம் சுளகில் இருந்தது. சலேஹா குனிந்து பார்த்தாள். கழுவித் துடைத்து, ஒரு பொட்டு மண் இல்லாமல், தண்டை நேர்கோடாக நறுக்கி அடுக்கியிருந்தார். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே உயரம். கல்யாண வீட்டுத் தாம்பாளத்தில் வைக்கலாம்.

"அடி எங்க?"

"எந்த அடி?"

"காளானோட அடி மச்சான். மண்ணுக்குள்ள இருக்குமே."

"அது சேறும் சகதியுமா இருந்துச்சு. அங்கனயே நறுக்கிட்டு வந்துட்டேன். குப்பைய யாரு சுமக்கிறது?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. பக்கத்து வீட்டுக் காமாரியா வேலியோரம் நின்று இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். புற்றுக்காளானைப் பிடுங்கினால் எலிவால் மாதிரி நீளமாக வேர் வரும், அது கறையான் புற்றுக்குள் போகும். அடியில் வேர் இல்லாமல் முட்டை ஓட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தால் கையால்கூடத் தொடாதே. பிடுங்கித்தான் பார்க்க வேண்டும், கத்தியால் வெட்டக் கூடாது. இவரும் பெரிய மனிதர் மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். போன மழைக்கு மேட்டுக் கம்போங்கில் காளான் தின்ற ஒரே வீட்டில் இரண்டு உயிர் போய், இரண்டு மையித்து எடுத்தார்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள்தான். மறுநாள்தான் வயிறு காட்டிக்கொடுத்தது. அதற்கும் போய்த் தலையைக் குனிந்து நின்றுவிட்டு வந்தவர் இவர். வந்து என்ன பிரயோசனம்? இறைச்சியில் சவ்வு எடுக்கிற பழக்கத்தில், நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூடிய ஒரே இடத்தை நறுக்கிக் காட்டிலேயே போட்டுவிட்டு, மிச்சத்தை அழகாகக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறார்.

"வெட்டின எடத்த எனக்குக் காட்டுங்க. பாக்காம ஒரு வாய் யாருக்கும் கெடையாது."

"முதலாளி வர்ற நேரத்துல மலையேறச் சொல்றியா?"

"அவரு ஜனாஸாவுக்கு நேரம் பாக்கறதவிட இது தேவல."

அடுப்பை அணைத்து, சட்டியையும் சுளகையும் உள்ளே வைத்து, அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். காப்பைக் கழுவிக் கையில் போட்டுக்கொண்டாள். அதை இனி மாடத்தில் வைப்பதாக இல்லை.

ரப்பர் மரங்களைத் தாண்டும்வரை அவர் முனகிக்கொண்டே வந்தார். பெண்பிள்ளை பேச்சைக் கேட்டு மலையேறுகிற பண்டாரி பினாங்கிலேயே தான் ஒருவன்தான் என்றார். காட்டுக்குள் நுழைந்ததும் அட்டைகள் காலில் ஏற ஆரம்பித்தன. சலேஹா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்குள் திட்டியபடி நடந்தாள். இந்த நேரத்துக்கு ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம்.

முதல் இடம் ஒரு பழைய கறையான் புற்று. அதன் சரிவில் நறுக்கிய தண்டுகள் வரிசையாகத் தெரிந்தன. அவள் அவரிடமிருந்து பாராங் கத்தியை வாங்கி மண்ணைத் தோண்டினாள். வேர் இறங்கியது. இன்னும் தோண்டினாள், இன்னும் இறங்கியது. காமாரியா சொன்ன எலிவாலேதான்.

"இப்ப என்ன சொல்றே?" இடுப்பில் கைவைத்து நின்றார் ஜபருல்லா. "எனக்குத் தெரியாதா? இல்ல, எனக்குத் தெரியாதான்னு கேக்கறேன்."

அவளுக்கு நெஞ்சு லேசானது. லேசானதை அவருக்குக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். "கூடை பூரா இங்கயே வெட்டினதுதானே?"

"இங்க பாதி. நெறையல. அந்தப் பெரிய மரத்தடியில கொஞ்சம்."

பெரிய மரத்தடியில் புற்று இல்லை. ஊறிப்போன சருகுதான் கிடந்தது. அவள் கத்தியை வைத்துவிட்டு விரலாலேயே சருகை விலக்கி, ஒரு தண்டின் அடியில் கைகொடுத்துத் தூக்கினாள். சுலபமாக வந்துவிட்டது. வேர் என்று ஒன்றும் இல்லை. குஞ்சு பொரித்துப் போன முட்டை ஓடு மாதிரி, வெள்ளையாக ஒரு கிண்ணம். அடுத்ததைத் தூக்கினாள். அதற்கும் கிண்ணம்.

"அல்லாவே." அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கோபம் மொத்தமாகப் பொங்கியது. "ரெண்டையும் ஒரே கூடையில போட்டு, ஒரே சட்டியில கொட்டி! வந்த மனுசன் வாயில விழுந்திருந்தா? நான் பூட்டாம வந்திருந்தா? காப்பு, காப்பு, காப்பு! காமாரியாக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, உங்களுக்குப் புத்தி எங்க மச்சான் போச்சு?"

திட்டிக்கொண்டே போனவள் நடுவில் நிறுத்தினாள். ஒன்றுக்கு இரண்டாகப் பதில் சொல்லாமல் இந்த மனிதர் இருந்ததே கிடையாது. ஜபருல்லா மரத்து வேரில் குந்தி, தன் இடது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணம் கூட்டும்போது அந்தக் கையில்தான் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துவருகிற கை.

"உப்புப் பாத்தேன் புள்ள," என்றார்.

"ஆணத்தத்தானே?"

"வெந்துச்சான்னு ஒரு துண்டும்."

"எந்தத் துண்டு?" கேட்கும்போதே அந்தக் கேள்வியின் மடத்தனம் அவளுக்கு உறைத்தது. புற்றில் வந்ததும் மரத்தடியில் வந்ததும் ஒன்றுபோலத் தெரியும்படி அவ்வளவு சுத்தமாக நறுக்கியவர் அவர்தானே. அவருக்கே எப்படித் தெரியும்?

"வயிறு நல்லாத்தான் இருக்கு சலேஹா. ஒண்ணும் செய்யல."

"மேட்டுக் கம்போங்குல அவங்களுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

வேருள்ள அடி ஒன்றையும் கிண்ணமுள்ள அடி ஒன்றையும் சேம்பிலையில் பொதிந்துகொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தபடி இறங்கினாள். காமாரியாவிடம் அறைச் சாவியைக் கொடுத்து, முதலாளி வந்தால் விருந்து இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு, டிராமுக்கு ஓடினாள். பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் கேட்டால் காட்ட அந்த இரண்டு அடிகளாவது இருக்கட்டும்.

டிராம் ஆடி ஆடிப் போனது. குதித்து ஓடிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு, அவ்வளவு மெதுவாகப் போனது.

"நல்ல ருசி புள்ள," என்றார் ஜபருல்லா திடீரென்று. "வீணாப்போச்சு."

ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் கண் நிறைந்துவிட்டது. அவள் அழுவதைப் பார்த்து அவர் இடது கையை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டார். ரேகைகளுக்குள் மஞ்சள் இன்னும் போகவில்லை. அந்தக் கையின் மணிக்கட்டை அவள் வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தாள். பிடித்த அவள் கையில் வெள்ளிக் காப்பு, ஒரு பொட்டுக் கறுப்பு இல்லாமல், பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.