கற்களை இடம் மாற்றிய நாள்

தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுப் புவனேஸ்வரன் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான். குகைபோல் அடுக்கியிருந்ததைக் கலைத்து, இடப்பக்கத்துப் பாறையை வலப்பக்கம் தள்ளினான். தண்ணீர் கலங்கி, மஞ்சள் மீன்கள் மிரண்டு ஓடின. அவற்றில் ஒன்றுக்கு வால் பாதிதான் மிச்சம். அதைக் குதறிய நீலன் போன வாரத்திலிருந்து குளியலறை வாளியில் கிடந்தது.

நீலன் ஆப்பிரிக்க சிக்லிட் வகை மீன். விரல் நீளம்தான் இருக்கும். தொட்டி முழுவதற்கும் தன் பெயரில் பட்டா வாங்கிவிட்டதுபோல் திமிர். எந்த மீன் அதன் கல் பக்கம் வந்தாலும் விரட்டி விரட்டிக் கடிக்கும். சுங்கைப்பட்டாணி மீன் கடை முதலாளியான சீனத் தவுக்கேதான் வழி சொன்னார். அடிபட்டதைத் தூக்காதே, அடித்ததைத் தூக்கு. கொஞ்ச நாள் தனியாகப் போட்டு வை. அதற்குள் உள்ளே இருக்கும் கல்லையெல்லாம் இடம் மாற்று. திரும்பி வரும்போது தன் இடம் எதுவென்று தெரியாமல் முழிக்கும், வாலாட்டாது.

இந்த யோசனை புவனேஸ்வரனுக்கு மீனோடு நிற்கவில்லை. அவனுடைய அண்ணன் மனோகரன் அன்று மதியம் சிறையிலிருந்து வீட்டுக்கு வருகிறான். யாரோ ஒரு வெளியாளை அடித்துத்தான் உள்ளே போனான். வருஷக்கணக்காகத் தம்பியை அடித்ததற்கு யாரும் கேஸ் போடவில்லை. அப்படி ஒருமுறை உடைந்த புவனேஸ்வரனின் இடது முழங்கை இன்னமும் மழை நாளில் குத்தும். அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது அவருக்கு ஈடாகக் கிடைத்த, சிடாம் கிரி ஊரிலுள்ள இந்த வீடு இருவருக்கும் பொது. வராதே என்று எப்படிச் சொல்வது? சொல்வதென்றாலும் மனோகரனிடம் யார் போய்ச் சொல்வது?

ஆகவே விடிந்ததிலிருந்து வீட்டையே இழுத்துப் போட்டான். முன்னறையிலிருந்த அண்ணனின் கட்டில் பின்னறைக்குப் போயிற்று. அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்காரும் பிரம்பு நாற்காலி கொல்லைப்புறக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கடைசியாகச் சாமி மேடையில் கை வைத்தபோது, அவன் மனைவி வாசுகி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

"சாமி மேடைய தொடாதீங்கலா. மாமா படமும் அங்கதான இருக்கு. மத்தத எங்க வேணும்னாலும் இழுத்துப் போடுங்க."

"அங்க நின்னாத்தான் வாசுகி அண்ணனுக்கு அப்பாவாயிட்ட நெனப்பு வருது. அத விட்டா பிரயோசனமே இல்ல."

"மீனுக்குச் செய்யிறத மனுசனுக்குச் செஞ்சிக்கிட்டு. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க."

"பயமாத்தான் இருக்கு."

கையுறைத் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டையே கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர், சின்னப் பையனைப்போல் அந்த மேடைக்கு முன்னால் நின்றான். வாசுகி கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பினாள். அவன் மேடையை அசைக்கவில்லை.

பிறகு நீலனைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டான். குகை இருந்த இடத்தில் வெறும் மணல். நீலன் நிறம் வெளுத்து மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு திரிந்தது. புவனேஸ்வரனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஆனால் வடிகட்டியின் குழாய் இறங்கும் மூலையை அவனால் மாற்ற முடிந்திருக்கவில்லை. நீலன் அதைக் கண்டுபிடித்து, குழாயை ஒட்டி நின்று, உடம்பை ஓர் உதறு உதறியது. நீலம் திரும்பிவிட்டது. வால் போன மஞ்சள் மீன் பாறை இடுக்கில் போய்ப் புகுந்துகொண்டது.

வாசலில் காடி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மனோகரன் இளைத்திருந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் பையோடு உள்ளே வந்தவன் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தான். அங்கே வாசுகியின் தையல் மெஷின் இருந்தது.

"என்னடா, வீடே மாறிக் கெடக்கு?"

"சும்மாதாண்ணே. காத்து வரட்டும்னு."

எங்கே உட்காருவது என்று தெரியாமல் மனோகரன் பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தான். அண்ணனை இப்படிப் பார்ப்பது புவனேஸ்வரனுக்குப் புதிது. பாவமாகக்கூட இருந்தது. அதற்குள் மனோகரன் சாமி மேடையைப் பார்த்துவிட்டான். பையை அப்படியே போட்டுவிட்டு நேரே அங்கே போய், அப்பா படத்துக்கு முன்னால் நின்றான். கூனியிருந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"இங்க வா," என்றான் திரும்பாமலே.

அந்தக் குரலுக்குப் புவனேஸ்வரனின் கால்கள் பழக்கத்தில் நடந்தன. அருகே போனதும் மனோகரன் திரும்பி, கையை ஓங்கினான்.

புவனேஸ்வரனின் இடது முழங்கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. கண்கள் இறுக மூடிக்கொண்டன. அடுப்படியில் கரண்டி விழுந்து உருண்டது. அடி விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது அண்ணனின் கை அந்தரத்திலேயே நின்றிருந்தது. விரல் நுனிகளில் திருநீறு.

"கைய எறக்குடா," என்றான் மனோகரன். அது கோபமா, கெஞ்சலா என்று புவனேஸ்வரனுக்குப் பிடிபடவில்லை. இறக்கத்தான் பார்த்தான், முழங்கை அசைய மாட்டேன் என்றது. மேலே அண்ணனின் விரல்களிலிருந்து திருநீறு கொஞ்சம் கொஞ்சமாக அந்த முழங்கையின்மீது உதிர்ந்துகொண்டிருந்தது.