ஜெயிக்கிற பக்கம்

மெர்ல் டக்கெட் இன்ஷூரன்ஸ் விற்று ஓய்ந்த ஆள். ஜனாதிபதித் தேர்தல் வந்தால் அவனுக்குத் தலைகால் புரியாது. பூஜ்யத்தில் முடிகிற ஆண்டுகளில் ஜெயித்தவர்கள் ஒரு காலத்தில் வரிசையாகப் பதவியிலேயே செத்தார்கள் என்பான். ஒரே கட்சி தொடர்ந்து மூன்றாவது முறை வருவது அபூர்வம் என்பான். இரண்டு பேரில் உயரமானவன்தான் பெரும்பாலும் வெள்ளை மாளிகைக்குப் போவான் என்பான். என் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து என் காபியைக் குடித்துக்கொண்டே இத்தனையையும் என் காதில் ஊற்றுவான்.

இந்தியானா மாநிலத்தின் தென்கோடியில் நிலக்கரிப் பூமி எங்கள் ஹாலர் கவுண்டி, ஒரு சின்ன மாவட்டம். இங்கே யாருக்கு அதிக ஓட்டு விழுகிறதோ அவர்தான் ஜனாதிபதி. என் தாத்தா காலத்திலிருந்து தப்பியதே இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் டிவிக்காரர்கள் வந்து என் கடையில் கேமராவை நிறுத்துவார்கள். மெர்ல் கோட்டு மாட்டிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருப்பான்.

இந்த முறை வம்பு என் கடை ஜன்னலில் ஆரம்பித்தது. ஜனாதிபதிக்கு நிற்கிற கவர்னர் ஹாஸ்கின்ஸின் பெயர்ப் பலகையை அங்கே வைத்தேன். மனிதர் குள்ளம். முன்பு வக்கீலாக இருந்தவர். என் வீட்டுக்காரர் க்ளெட்டஸ் சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப் படுத்தபோது கம்பெனி கையை விரித்தது. ஹாஸ்கின்ஸ்தான் காசு வாங்காமல் வழக்காடி நஷ்டஈடு வாங்கித் தந்தார். அவருக்கு ஓட்டுப் போடாமல் வேறு யாருக்குப் போடுவேன்?

மெர்ல் பலகையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். எதிரே நிற்கிற செனட்டர் பனைமர உயரம். ஹாஸ்கின்ஸின் கட்சி ஏற்கெனவே இரண்டு முறை ஆண்டாகிவிட்டது. கருத்துக்கணிப்பும் செனட்டர் பக்கம்தான்.

“பலகையை எடுத்துடு வெல்மா. தோக்கப்போறவனுக்குப் போட்டு நம்ம ஊர் பேரைக் கெடுக்காதே.”

“க்ளெட்டஸ் சவப்பெட்டியைத் தூக்கினவங்கள்ல நீயும் ஒருத்தன். அந்த மனுஷன் என்ன செஞ்சாருன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நல்லவருதான். நல்லவர்னா ஜெயிச்சிடுவாரா?”

வாடிக்கையாளர்கள் அவரவர் கோப்பையைக் கல்லாவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி வைப்பது எங்கள் கடை வழக்கம். கோப்பை தொங்கினால் அவன் நம் ஆள்; வழிப்போக்கர்களுக்குப் பேப்பர் கப்தான். மறுநாள் காலை மெர்ல் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு போனான். அந்த வாரத்துக்குள் சர்ச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவர்கள்கூட வந்து கழற்றினார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பலகை இறங்கினால் திரும்பி வருகிறோம் என்று மெர்ல் சொல்லியனுப்பினான். சமையல்காரியை வேலையை விட்டு நிறுத்தினேன். இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குள் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அப்படியும் பலகையைத் தொடவில்லை. எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

தேர்தல் வந்தது. நாடு ஹாஸ்கின்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஹாலர் கவுண்டி செனட்டருக்குப் போட்டிருந்தது.

பெருமை போன கதையைக் கேட்க மறுநாள் காலையிலேயே டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். மெர்லும் வந்தான். அதே கோட்டு, கையில் கோப்பை. அவன் பின்னால் மற்றவர்களும் கோப்பையோடு வந்து நின்றார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று டிவிக்காரப் பெண் கேட்டாள். செனட்டருக்கு என்றான். ஏன் என்றதும் உயரம், மூன்றாவது முறை என்று பழைய பாட்டைப் பாடினான்.

“அவரைப் பிடிச்சிருந்துதா உங்களுக்கு?”

மெர்ல் கோப்பையைக் கை மாற்றிக்கொண்டான். “பிடிக்கலை. ஹாஸ்கின்ஸைத்தான் பிடிக்கும். இந்த ஊர்ல எல்லாருக்குமே அவரைத்தான் பிடிக்கும்.”

பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆட்டிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனதுக்குப் பிடித்தவருக்குப் போட்டிருந்தாலே போதும், ஊர்ப் பெருமை அப்படியே நின்றிருக்கும். இந்த முட்டாள்களுக்காகவா இத்தனை நாள் அழுதேன்?

டிவிக்காரர்கள் கிளம்பியதும் மெர்ல் கோப்பையை நீட்டினான்.

“போனது போச்சு வெல்மா. இதை மாட்டிடு.”

அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் நீட்டினார்கள். அத்தனையும் கொக்கியில் ஏறினால் கடை பிழைத்துவிடும். எனக்குத் தெரியாதா?

பேப்பர் கப் ஒன்றை எடுத்தேன். காபியை ஊற்றி, மூடி போட்டு, அவன் முன்னால் வைத்தேன்.

“கோப்பை உள்ளூர்க்காரங்களுக்கு, மெர்ல். நீ போற வழியில குடிச்சுக்கோ.”