நீர்நாய்க்குட்டிக்காக மிதித்த சைக்கிள்

விமலேஸ்வரியின் குசினிக்குள் ஒரு சைக்கிள் நின்றது. முற்றத்தில் நிற்கவேண்டிய சைக்கிள் அடுப்புக்கும் விறகு அடுக்குக்கும் நடுவே ஸ்ராண்ட் போட்டு நின்றால், பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்கத்தானே செய்வார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சுவர்த் தட்டில் இருந்த ரேடியோவைக் காட்டினாள். 2007ஆம் ஆண்டு வன்னியில் அது நம்பக்கூடிய பதில்தான். வவுனியாப் பாதையை ஆமி பூட்டிய பிறகு பற்றரி உள்ளே வருவதில்லை. டைனமோவில் வயர் இழுத்து, வீட்டில் ஒருவர் மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்பது இரணைமடு வாய்க்கால் கரை நெடுக நடந்த காரியம்.

ஆனால் இந்தச் சைக்கிளின் வயர் ரேடியோவுக்குப் போகவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைந்து, நிலத்துக்குக் கீழே போனது. கீழே ஒரு கிடங்கு. கிடங்குக்குள் அவளுடைய ஒரே மகன் ரூபன், பதினேழு வயதுக்காரன்.

சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு இயக்கத்து ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. தகப்பன் யோகநாதன் தானே மண்ணை வெட்டி, அந்த மண்ணையும் அக்கம்பக்கம் அறியாமல் வாழைப் பாத்திக்குக் கொண்டுபோய்ப் போட்டு, மேலே பலகை பரப்பி விறகை அடுக்கினார். காற்றுக்கு அந்தக் குழாய். பகல் முழுக்கப் பிள்ளை உள்ளே குந்தியிருக்கவேண்டும். எழுந்து நின்றால் தலை இடிக்கும்.

பெற்றவளால் அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன முடியுமா? அவனுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று வீடு முழுக்கத் தேடியபோதுதான் அலுமாரிக்குள் அந்த விளையாட்டுச் சாமான் அகப்பட்டது. சமாதான காலத்தில் கனடாவில் இருந்து வந்த தாய்மாமன் மருமகனுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். சின்னத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். உள்ளே செருகுவதற்கு மூன்று துண்டுகள், மூன்றும் காட்டூன் படங்களில் இருந்து செய்த கேம்கள். ஒன்றில் கழுதைகள் வண்டிலோட்டம் விடும். ஒன்றில் கோழிகள் சமைக்கும். மூன்றாவதுதான் ரூபனின் உயிர். வெள்ளத்தில் அடிபட்டுப்போன நீர்நாய்க்குட்டி ஒன்று தாயைத் தேடி ஆறு ஆறாக நீந்துகிற படத்தின் கேம். அந்தப் படத்தை ரூபனின் பள்ளிக்கூட மண்டபத்தில் ஜெனரேற்றர் வைத்துப் போட்டார்கள். கடைசியில் வாற பாட்டை அடுத்த நாள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தன.

யோகநாதன் வேறொரு பழைய ரேடியோவைக் கழற்றி எதையெதையோ எடுத்து வயரோடு பொருத்தினார். விமலேஸ்வரி மிதித்தாள். கீழே வெளிச்சம் வந்தது.

மிதிப்பதுதான் பெரிய பாடு. அவளுக்கு முழங்கால் நோ. நாலு மிதி வேகமாக மிதிப்பாள், பிறகு கால் தளர்ந்துவிடும்.

"அம்மா, மங்குது. முதலை வாற நேரம் பாத்து மங்குது."

"நான் என்னடா செய்ய. முதலையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"கரையில நாணல் குடிசை ஒண்டு வரும். அதைத் தொட்டாத்தான் அந்தப் பாட்டு வந்து சேவ் ஆகும். அதுக்கு முந்தி நிப்பாட்டினீங்கள் எண்டா திருப்பி முதல்ல இருந்து."

"குட்டி இப்ப எங்க நிக்குது?"

"மதகடியில."

இப்படிக் குழாய் வழியே கேட்டுக் கேட்டு, அந்தக் குட்டி தாயிடம் போய்ச் சேருமா சேராதா என்ற கவலை அவளையும் பிடித்துக்கொண்டது. உலையில் அரிசி கிடக்கும், அவள் சைக்கிளில் இருப்பாள்.

அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. ஆட்கள் வந்தால் விமலேஸ்வரி மிதிப்பதை நிறுத்துவாள். திரை அணைந்தால் ரூபன் மூச்சுக் காட்டக்கூடாது. மறுபடி சக்கரம் சுற்றி வெளிச்சம் வந்தால், ஆட்கள் போய்விட்டார்கள், கதைக்கலாம். வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத, ஒருவருக்கும் தெரியாத சைகை. எத்தனையோ தரம் அது அவனைக் காப்பாற்றியது.

ஒருநாள் பின்னேரம், யோகநாதன் வயலில் நெல்லுச் சூடடிக்கப் போயிருந்த நேரம், படலை திறபட்டது. விமலேஸ்வரி உடனே இறங்கினாள். படலையடியில் ஒரு நடுவயது ஆள் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு கதை கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தது ஒரு பிள்ளை. பத்தொன்பது வயது இருந்தால் அதிகம். இரட்டைப் பின்னலை இயக்கப் பிள்ளைகள்போல மடித்துக் கட்டியிருந்தாள். ஒரு செருப்பின் வார் அறுந்து காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"மகன் எங்க அம்மா?"

"பாதை பூட்ட முந்தி வவுனியாவுக்குப் போனவன் பிள்ளை. அங்காலயே நிண்டிட்டான்."

"எல்லா வீட்டிலயும் வவுனியாவுக்குத்தான் போயிருக்கினம். வவுனியாவில நிக்க இடம் இருக்கோ தெரியேல்லை."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிள்ளை அறைக்குள் பார்த்தாள், கட்டிலுக்குக் கீழே பார்த்தாள், குசினிக்குள் வந்தாள். சைக்கிளைக் கண்டதும் அவளுடைய முகம் மாறியது.

"ரேடியோவுக்கோ?"

"ஓம் பிள்ளை."

"எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான். அப்பா கதிரையில இருந்து செய்தி கேப்பார். நான்தான் மிதிக்கிறது. சத்தம் குறையப்படாது, கூடப்படாது. கொஞ்சம் தளர்ந்தா அப்பா செருமுவார்."

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இருந்துவிட்டாள்.

"வேண்டாம் பிள்ளை, அது பழுது. இறங்குங்கோ. தேத்தண்ணி வைக்கிறன்."

சக்கரம் சுற்றத் தொடங்கிவிட்டது. ஊரில் விட்டுவந்த ஒன்றைக் கால்கள் தாமாகவே செய்தன. விமலேஸ்வரி ஓடிப்போய் இழுத்து இறக்கினால் ஏன் என்ற கேள்வி வரும். இறக்காவிட்டால் கீழே வெளிச்சம் வரும்.

"உங்கட ரேடியோ கத்தேல்லையே" என்றாள் பிள்ளை.

அப்போது விறகு அடுக்குக்குப் பின்னால் இருந்து, குழாய் வழியே, தெளிவாகக் குரல் வந்தது.

"அவை போயிட்டினமோ அம்மா?"

அடுப்பில் எரிந்த நெருப்புக்கூட அசையாமல் நின்றதுபோல இருந்தது. பிள்ளையின் கால்கள் மட்டும் சுற்றின. அவள் குழாயைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். பிறகு விமலேஸ்வரியைப் பார்த்தாள்.

முற்றத்தில் காலடி கேட்டது.

"என்ன பிள்ளை, அங்க ஆரோட கதை?"

விமலேஸ்வரி யோசிக்கவில்லை. குனிந்து, சுற்றுகிற பின்சில்லைக் கையால் பிடித்தாள். கம்பிகள் விரலில் அடித்தன. சில்லு நின்றது. கீழே திரை அணைந்திருக்கும். அவளுக்கு அது போதும்.

அந்த ஆள் குசினி வாசலுக்கு வந்துவிட்டார். சைக்கிளில் இருந்த பிள்ளையையும், சில்லைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த தாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன நடக்குது?"

விமலேஸ்வரிக்குக் கண்ணை நிலத்தில் இருந்து எடுக்கப் பயம். விறகுப் பக்கம் போய்விடுமோ என்று.

"ரேடியோ கேப்பம் எண்டு ஏறினனான் அண்ணை" என்றாள் பிள்ளை. "அம்மான்ர சட்டை சில்லுக்குள்ள போயிட்டுது. அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தனாங்கள்."

"வீட்டில பாத்தாச்சோ?"

அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்று விமலேஸ்வரியைத்தான் கேட்கவேண்டும்.

"பாத்தாச்சு அண்ணை. ஒருத்தரும் இல்லை."

அவர் மண்குடத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சைக்கிளை இன்னொரு தரம் பார்த்தார். "உனக்கு இப்பவும் விளையாட்டுத்தான். கெதியா வா" என்று சொல்லிவிட்டுப் படலைக்குப் போனார்.

பிள்ளை இறங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ரேடியோ இல்லாட்டி, கீழ என்ன?" என்றாள்.

விமலேஸ்வரி பின்சில்லில் இருந்து கையை எடுத்தாள். "நீர்நாய்க்குட்டி. கேம்."

பிள்ளைக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தாள். பிறகு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணை, செருப்பு வார் கட்டிப்போட்டு வாறன்."

அவளுடைய கால்கள் மறுபடி மிதிக்கத் தொடங்கின. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. குழாய்க்குள் பொத்தான்கள் அமுங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். விமலேஸ்வரியின் விரலில் இருந்து இரத்தம் சொட்டி மண்ணில் காய்ந்தது. கடைசியில் மெல்லியதாய் ஒரு மெட்டு எழுந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் கேட்ட அதே பாட்டு. பிள்ளையின் உதடுகள் சத்தமில்லாமல் அதோடு சேர்ந்து அசைந்தன. அவளும் எங்கோ ஒரு மண்டபத்தில், எங்கோ ஒரு மர வாங்கில் குந்தியிருந்து அதைப் பார்த்தவள்தான்.

மெட்டு முடிந்ததும் இறங்கினாள். அறுந்த செருப்பையும் மற்றதையும் கையில் எடுத்தாள்.

"நாளைக்கு வேற ஆக்கள் வருவினம். சைக்கிள் இங்க நிக்க வேண்டாம் அம்மா."

விமலேஸ்வரி அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். பிள்ளை அதற்குள் முற்றத்துக்கு இறங்கிவிட்டாள். வெறுங்காலோடு, திரும்பிப் பார்க்காமல் போனாள். படலை சாத்திய சத்தம் கேட்டது. அவளுடைய பேரைக்கூடக் கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் யாருடைய வீட்டு ஒரு பிள்ளையோ.

விமலேஸ்வரி விறகு அடுக்கில் முதுகு சாய்த்து நிலத்தில் இருந்தாள். எழும்ப வேண்டும், சைக்கிளை வெளியே எடுக்க வேண்டும், இருட்டுப்பட முந்தி வேறு இடம் பார்க்க வேண்டும் என்று மனம் சொன்னது.

குழாய்க்குள் இருந்து ரூபனின் குரல் வந்தது. கரை சேர்ந்த சந்தோசம் அதில் நிறைந்திருந்தது.

"சேவ் பண்ணியாச்சு அம்மா. இண்டைக்கு என்ன மாதிரி, ஒரே சீராய் மிதிச்சீங்கள். முழங்கால் நோ மாறிட்டுதோ?"